கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்த நூலகர் அம்மையார் அவர்களே, வாசகர் வட்டப் பொருளாளர் அவர்களே, சமையலை முடித்துவிட்டுப் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலையில் கல்விக்கு என்ன பங்கு என்று பேசச் சொன்னீர்கள். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன்: எழுத்தைப் பூட்டிய சட்டம், பூட்டை உடைத்த வகுப்பு, 1926இல் கறுப்பர் வரலாற்று வாரம் தொடங்கிய கார்ட்டர் உட்சன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தென் கரோலினாவின் வெள்ளை முதலாளிகளுக்கு அது உதவும் என்று தெரிந்திருந்தது. 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு வருடமே சட்டம்: அடிமைக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தால் 100 பவுண்டு தண்டம். காரணம் எளிது. எழுதத் தெரிந்தவன் தோட்டத்தை விட்டு வெளியே போகும் அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான்!

அடிமைமுறை போன பிறகும் பூட்டு போகவில்லை. வாக்காளராகப் பதிய வேண்டுமா? மாநில அரசமைப்பில் ஒரு பகுதியைப் படித்து எழுதிக் காட்டு. இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்தைக் காட்டு.

அதே தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்று ஒருவர், வேலைக்குப் போகிறவர்களைப் பேருந்தில் சார்ல்ஸ்டன் நகரத்துக்குக் கூட்டிப் போவார். ஒருநாள் ஆலிஸ் வைன் என்ற அம்மா கேட்டார்: "எனக்கு அந்தச் சட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பீர்களா? நான் ஓட்டுப் போட வேண்டும்." அப்புறம் அந்தப் பேருந்துதான் வகுப்பறை. போகிற வழியெல்லாம் அரசமைப்புச் சட்டம்தான் பாடம்! அந்த அம்மா முழுப் பகுதியையும் மனப்பாடம் செய்து, ஒப்பித்து, பதிவும் வாங்கிவிட்டார். ஆனால் எழுத்து தெரியாது. "இப்போது நிஜமாகவே படிக்க வேண்டும்" என்றார். (கைதட்டல்) எனக்கு வேண்டாம், அந்த அம்மாவுக்குத் தட்டுங்கள்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் செப்டிமா கிளார்க். 1916இல் அதே தீவில் பதினெட்டு வயது ஆசிரியை. இரண்டு ஆசிரியர்களுக்கு 132 பிள்ளைகள். எதிரே வெள்ளையர் பள்ளியில் மூன்றே பிள்ளைகள். புத்தகம் ஏது? நடந்து வந்த வழி, அங்கே முளைப்பது, வானத்தில் தெரிவது என்று பிள்ளைகள் சொன்னதைச் சலவைக்கடைப் பைகளில் எழுதிச் சுவரில் மாட்டினார். தன் ஊரையே எழுத்தில் பார்க்கிற பிள்ளை தன்னைத் தாழ்வாக நினைக்குமா? 1956இல் கறுப்பர் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக அவருடைய வேலை பறிபோனது.

1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில் பெரியவர்களுக்கான வகுப்பு தொடங்கியது. டென்னசி மாநிலத்தில் உரிமைப் போராளிகளுக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளி கடன் தந்து வாங்கிய கட்டடம். முன்னால் மளிகைக் கடை, பின்னால் வகுப்பு. வெள்ளையர் எட்டிப் பார்க்கக் கூடாதென்று அந்த அறைகளுக்கு ஜன்னலே வைக்கவில்லை. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் அழகுநிலையம் நடத்தியவர். வாடிக்கையாளர் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளைக்காரரும் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. கணக்கைப் பாருங்கள்!

முதல் நாள் அவர் கொண்டுபோனது சிறுபிள்ளைப் பாடநூல். வந்திருந்த 14 பேரும் பெரியவர்கள். அங்கேயே நூலை ஓரமாக வைத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். மகன் கடிதம் படிக்க வேண்டும், பணவிடைத் தாள் நிரப்ப வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம். பெயரை அட்டையில் எழுதிக்கொடுத்து, அதன்மேல் பென்சிலை ஓட்டி ஓட்டிக் கைக்குப் பழக்கிய பிறகுதான் தாள். ஏர் பிடித்த கை பென்சிலை இறுக்கி ஒடிக்கும். திட்டாமல் வேறு பென்சில் கொடுக்க வேண்டும். வாரம் இரண்டு இரவு, இரண்டு மணி நேரம், வயல் வேலை இல்லாத குளிர்காலத்தில்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது! நம் முதியோர் வகுப்பில் இன்னும் அணில், ஆடு, இலை. வங்கிச் சலானையும் ஓய்வூதிய மனுவையும் எடுத்துவையுங்கள் என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன்.

தலைவர் கடிகாரம் பார்க்கிறார். உட்சன் அடுத்த கூட்டத்துக்கு. நூலகத்தைச் செவ்வாயும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை திறக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களும் வைக்கலாம். அப்படி வைப்பவர்கள், மனுவுக்குப் பக்கத்திலுள்ள முதியோர் வகுப்புப் பட்டியலிலும் பெயர் கொடுத்துவிட்டுப் போகட்டும். வணக்கம்.