பாட அட்டவணையில் தொலைந்த மொழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1911ஆம் ஆண்டின் பாட அட்டவணை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. நான்கு வகுப்புகள் கொண்ட கொரியப் பிள்ளைகளின் தொடக்கப் பள்ளியில், வாரத்துக்கு 10 மணி நேரம் ‘தேசிய மொழி’. கொரிய மொழிக்கும் செவ்வியல் சீனத்துக்கும் சேர்த்து முதல் இரு வகுப்புகளில் 6 மணி, அடுத்த இரண்டில் 5 மணி. தேசிய மொழி என்று அதில் எழுதியிருந்தது எதை? ஜப்பானிய மொழியை. கொரியம் ‘ஜோசன் மொழி’ ஆகிவிட்டது; ஜோசன் என்பது கொரியாவுக்கு ஜப்பானிய ஆட்சி வழங்கிய பெயர். நேற்றுவரை நாட்டின் மொழியாக இருந்தது, இன்று ஒரு வட்டாரத்தின் மொழி. எந்தத் தடையும் போடவில்லை; பாடத்தின் பெயரை மாற்றினார்கள், அவ்வளவுதான். அடுத்த முப்பது ஆண்டுகளில் நடந்ததற்கெல்லாம் வித்து இந்தப் பெயர் மாற்றம்தான் என்பது என் கருத்து.

1919இல் மக்கள் பெருந்திரளாக எழுந்தபின் ஆட்சி கொஞ்சம் இறங்கி வந்தது. 1922இல் வந்த இரண்டாம் கல்வி ஆணையில் பள்ளி ஆறு வகுப்பாயிற்று. கொரியம் சீனத்திலிருந்து பிரிந்து தனிப் பாடமும் ஆயிற்று. ஆனால் அதற்குக் கிடைத்தது வாரம் 3, 4 மணி நேரம்தான். கணக்கு, வரலாறு, புவியியல் எல்லாம் ஜப்பானிய மொழியில் நடந்தன. அறிவு வரும் வாசல் ஒரு மொழிக்கு, வீட்டுப் பேச்சு இன்னொரு மொழிக்கு என்று பங்கு பிரிந்தது.

1938இல் வந்த மூன்றாம் ஆணை கொரியத்தை ‘விருப்பப் பாடம்’ ஆக்கியது. இந்தச் சொல்லை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். விருப்பம் யாருடையது? பிள்ளையுடையதும் அல்ல, பெற்றோருடையதும் அல்ல, பள்ளி நிர்வாகத்தினுடையது. மேலிடம் எதை விரும்புகிறது என்று ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் தெரியும். பள்ளி பள்ளியாகப் பாடம் கைவிடப்பட்டது. 1941இல் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்தே கொரியம் போய்விட்டது. அப்போது எதிர்த்துக் குரல் எழுப்பப் பத்திரிகையும் இல்லை. தோங்கா இல்போ, ஜோசன் இல்போ என்ற இரு பெரிய கொரிய நாளிதழ்களையும் 1940 ஆகஸ்ட்டிலேயே மூடிவிட்டார்கள். குடும்பப் பெயர்களை ஜப்பானிய முறைக்கு மாற்றிப் பதியச் சொன்னதும் அதே ஆண்டில்தான்.

பள்ளிக்குள் இது எப்படி நடந்தது தெரியுமா? பிள்ளைகளிடம் சில அட்டைகளைக் கொடுப்பார்கள். ஒருவன் வாய்தவறிக் கொரியத்தில் பேசினால், கேட்ட பிள்ளை அவனிடமிருந்து ஓர் அட்டையைப் பறித்துக்கொள்ளலாம். அட்டை இழந்தவனுக்குத் தண்டனை. ஆசிரியர் எல்லா நேரமும் காவல் நிற்க முடியாது. அதனால் தோழனைத் தோழனுக்குக் காவல் வைத்தார்கள். தாய்மொழி குற்றமென்ற எண்ணம் இப்படித்தான் குழந்தை மனத்தில் இறங்கும்.

இத்தனைக்குப் பிறகும், 1943இல் ஆட்சியே எடுத்த கணக்கின்படி, கொரியர்களில் ஜப்பானிய மொழி புரிந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருந்தார்கள். அடுப்படியிலும் வயலிலும் கொரியம்தான் ஒலித்தது. அப்படியானால் இழப்பு எங்கே? எழுத்தில். பேசத் தெரிந்தும் அந்தப் பேச்சை எழுதவோ படிக்கவோ தெரியாத ஒரு தலைமுறை உருவானது. பேச்சு மொழியை வீட்டிலிருந்து பிடுங்குவது கடினம். எழுத்து மொழிக்குப் பள்ளி வேண்டும், அச்சகம் வேண்டும், அகராதி வேண்டும். அவற்றைப் பூட்டிவிட்டால் போதும்.

இதை முன்னமே உணர்ந்தவர் ஜூ சி-கியோங் என்ற இலக்கண அறிஞர். 1911 வாக்கில் ‘மல்மோய்’ என்ற அகராதிப் பணியைத் தொடங்கினார். சொற்களைத் திரட்டுதல் என்று பொருள். 1914இல் அவர் இறந்ததும் வேலை நின்றது. அவருடைய வழிவந்தவர்கள் 1921இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். பின்னர் அது ‘ஜோசன் மொழிக் கழகம்’ எனப் பெயர் பெற்றது.

அகராதி செய்ய உட்கார்ந்ததும் முதல் தடை எழுத்துக்கூட்டல். தமிழறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். கல் என்பது சிலையோடு சேர்ந்தால் கற்சிலை, மனத்தோடு சேர்ந்தால் கன்மனம். ஒலிப்பதை அப்படியே நாம் எழுதிவிடுகிறோம். கொரியத்தில் விலையைக் குறிக்கும் சொல் தனியாக நின்றால் ‘காப்’, ஓர் உருபு சேர்ந்தால் ‘காப்ஸி’, இன்னொன்று சேர்ந்தால் ‘காம்மன்’. காதில் விழுவதை எழுதினால் ஒரே சொல் மூன்றாகச் சிதறும்; அகராதியில் எங்கே தேடுவது? ஆகவே எப்படி ஒலித்தாலும் வேர்ச்சொல்லின் வடிவம் மாறாமல் எழுத வேண்டும் என்று 1933இல் விதி செய்தார்கள். இன்றைய கொரிய எழுத்துமுறைக்கு அடித்தளம் அதுதான்.

அடுத்த தடை, ஊருக்கு ஊர் மாறும் சொற்களில் எதைத் தலைச்சொல்லாகக் கொள்வது என்பது. 73 பேர் கொண்ட குழு மூன்று முறை கூடி 9,547 சொற்களை எடைபோட்டு, 1936இல் பட்டியலை வெளியிட்டது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்கள் வட்டாரச் சொற்களைத் திரட்டி அனுப்பினார்கள். மாணவர்கள் வேறொன்றும் செய்தார்கள். 1931 முதல் 1934 வரை கோடை விடுமுறைகளில் கிராமங்களுக்குச் சென்று எழுத்தறிவித்தார்கள். கொரிய எழுத்துமுறையான ஹங்குலில் அடிப்படை எழுத்துகள் 24தான். 14 மெய், 10 உயிர். ஒரு கோடைக்குள் கற்பித்துவிடலாம். அதற்கான கைநூலை எழுதித் தந்தவர் கழகத்தைச் சேர்ந்த இ யுன்-ஜே. 1935இல் ஆட்சி அந்த இயக்கத்தைத் தடை செய்தது.

1942 அக்டோபர் 1 அன்று கழகத்தாரைக் கைது செய்யத் தொடங்கினார்கள். 33 பேர் வழக்கில் சிக்கினர். மொழிப்பணி என்ற போர்வையில் விடுதலை இயக்கம் நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. வடபகுதி நகரமான ஹாம்ஹங்கின் சிறையில் இ யுன்-ஜே 1943 டிசம்பரிலும், கழகத்தின் இன்னோர் உறுப்பினர் ஹான் ஜிங் 1944 பிப்ரவரியிலும் உயிரிழந்தார்கள். உடன் கைதானவர்களில் இ குக்-ரோவுக்கு ஆறு ஆண்டு, சுவே ஹியோன்-பேக்கு நான்கு ஆண்டு சிறை. அச்சுக்குப் போயிருந்த அகராதிக் கையெழுத்துப்படி சான்றுப்பொருளாகப் பறிமுதலானது.

மேல்முறையீடு 1945 ஆகஸ்ட் 13 அன்று தள்ளுபடி ஆயிற்று. இரண்டே நாளில் ஜப்பான் சரணடைந்தது. 17ஆம் தேதி அவர்கள் வெளியே வந்தார்கள். செப்டம்பர் 8 அன்று தலைநகர் சோலின் ரயில் நிலையக் கிடங்கு ஒன்றில் அந்தக் கையெழுத்துப்படி அகப்பட்டது: ஏறத்தாழ 26,500 தாள்கள். மேல்முறையீட்டுக்காக ஹாம்ஹங்கிலிருந்து தலைநகருக்கு அனுப்பப்பட்ட சான்று அது. வழக்கைத் தொடர்ந்ததால்தான் அகராதி அங்கே வந்து கிடந்தது.

ஆனால் பள்ளிகள் திறந்தபோது கையில் பாடநூல் இல்லை. கொரியத்தில் பாடம் நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதவில்லை. பலரும் கற்றதும் கற்பித்ததும் ஜப்பானிய மொழியில். அதனால் கழகத்தார் அந்தச் செப்டம்பரிலேயே ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். நவம்பரில் ‘ஹங்குல் முதல் அடி’ என்ற தொடக்க நூல் வந்தது. அகராதியின் முதல் தொகுதி 1947 அக்டோபர் 9 அன்றும், ஆறாவதும் கடைசியுமான தொகுதி, நடுவே மூன்றாண்டுப் போரையும் கடந்து, 1957இலும் வெளிவந்தன.