ஓய்வு என்றவர் திரும்பி வந்த ஓசை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பு நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கனடாவின் டொராண்டோவில் பிறந்த ரஷ் என்ற புரோகிரஸிவ் ராக் குழு, அதாவது வழக்கமான ராக் பாட்டின் எல்லையைத் தாண்டிப் புது வடிவங்களைத் தேடும் வகையைச் சேர்ந்த குழு, 2002 மே மாதம் வெளியிட்ட 'வேப்பர் டிரெயில்ஸ்' இசைத்தொகுப்பு, அந்தக் குழுவின் தளர்ச்சியா, மறுமலர்ச்சியா? இதுதான் வழக்கு. எதிரணித் தலைவர் மூன்று குற்றங்களைச் சாட்டினார். ஒலி காதைக் குத்துகிறது என்றார். கீபோர்டும் இல்லை, நீண்ட கிட்டார் தனிவாசிப்பும் இல்லை, பிறகு இது என்ன புரோகிரஸிவ் என்றார். 13 பாட்டு, 67 நிமிடம், இவ்வளவு நீளம் எதற்கு என்றார். இதே குழுவிடமிருந்து 1976இல் வந்த '2112', 1981இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்' ஆகிய தொகுப்புகளின் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு அமர்ந்தார்.

நடுவர் அவர்களே, முதல் குற்றச்சாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறுந்தகடு வந்த புதிதில் காரில் போட்டுக் கேட்டேன். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் வண்டியை ஓரங்கட்டி, கதவில் இருந்த ஸ்பீக்கரைத் தடவிப் பார்த்தேன். கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இசைத்துறை முழுவதும் ஒரு போட்டி நடந்தது: எவருடைய தகடு அதிகச் சத்தமாக ஒலிக்கும் என்ற போட்டி. ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மெல்லிய ஓசைகளையெல்லாம் அந்த வரம்பு வரை தூக்கி நிறுத்தினால், இயல்பாகவே உயர்ந்து எழும் டிரம்ஸ் அடிக்கு மேலே போக இடம் இருக்காது. அதன் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில் கரகரப்பு பிறக்கும். இந்தத் தொகுப்பில் அந்தக் கரகரப்பு, தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாக்கும் ஒலிக்கலவையிலேயே கலந்துவிட்டதால், மேற்பூச்சாகச் செய்யும் எந்தத் திருத்தத்தாலும் அதை நீக்க முடியவில்லை. இதை மறைக்காமல் சொன்னவர்கள் ரஷ் குழுவினரே. 2009இல் இரண்டு பாட்டுகளை மட்டும் புதிதாகக் கலந்து ஒரு தேர்வுத் தொகுப்பில் சேர்த்தார்கள். 2013இல் டேவிட் பாட்ரில் என்ற ஒலிக்கலைஞர் மூலத் தடங்களை எடுத்து 13 பாட்டுகளையும் மறுபடி கலந்து கொடுத்தார்.

எதிரணி நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓர் ஓவியத்தின் மேல் அழுக்குக் கண்ணாடி மாட்டியிருந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து உரியவர்களே வந்து கண்ணாடியை மாற்றிவிட்டார்கள். இன்னமும் ஓவியனையா குறை சொல்வீர்கள்?

இப்போது ஓவியத்தைப் பார்ப்போம். 1997 ஆகஸ்ட். டிரம்ஸ் கலைஞரும், குழுவின் பாடல்களை எழுதுபவருமான நீல் பியர்ட்டின் ஒரே மகள் கார் விபத்தில் இறந்தாள். வயது 19. அடுத்த பத்து மாதத்தில் அவர் மனைவியைப் புற்றுநோய் கொண்டுபோனது. மகளின் இறுதிச் சடங்கின்போதே, நான் ஓய்வு பெற்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டார் அவர். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறி அலாஸ்கா, மெக்சிகோ, பெலீஸ் என்று 14 மாதங்களில் சுமார் 88,000 கிலோமீட்டர் ஓட்டினார். போய்ச் சேர வேண்டிய ஊர் என்று எதுவும் இல்லை. நின்றால் துக்கம் பிடித்துக்கொள்ளும் என்பதற்காகவே ஓடிய ஓட்டம் அது.

குழுவின் மற்ற இருவர், பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கெடி லீயும் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனும், என்ன செய்தார்கள்? இருவரும் பள்ளிக்கூட நண்பர்கள். வேறொரு டிரம்ஸ் கலைஞரை அமர்த்திக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கலாம். எத்தனையோ குழுக்கள் அப்படித்தான் செய்தன. இவர்கள் காத்திருந்தார்கள். 2001 ஜனவரியில் மூவரும் டொராண்டோவில் மறுபடி கூடினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். கெடியும் அலெக்ஸும் மனம் போன போக்கில் வாசித்துப் பதிவு செய்த துணுக்குகளில் பலவற்றை, மெருகேற்றி மறுபடி வாசிக்காமல், பிறந்த மேனிக்கே பாட்டுக்குள் வைத்தார்கள். கீபோர்டு எங்கே என்று கேட்டீர்களே, வேண்டாம் என்று தெரிந்தே ஒதுக்கினார்கள். அந்த இடத்தைக் கிட்டார் அடுக்குகளும், கெடி லீயின் குரல்மேல் குரலாக ஏற்றிய பதிவுகளும் நிரப்புகின்றன. கால் நூற்றாண்டுப் பழக்கத்தை ஒரு குழு உதறிவிட்டுப் புதிய வழியில் நடந்தால், புரோகிரஸிவ் என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

முதல் பாட்டு, 'ஒன் லிட்டில் விக்டரி'. ஒரு சின்ன வெற்றி. கிட்டார் தொடங்கவில்லை, குரல் தொடங்கவில்லை. டிரம்ஸ் மட்டும் தனியாகத் தொடங்குகிறது. இரண்டு கால்களும் மிதிகளில் குதிரைப் பாய்ச்சலாக ஓடுகின்றன. சில ஆண்டுகள் டிரம்ஸ் பக்கமே அதிகம் போகாதிருந்த ஒரு மனிதரின் கால்கள் அவை! அந்தச் சில விநாடிகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நம் இலக்கணத்தில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. இறந்தவரை எண்ணி, செய்வதறியாது நிற்பவரின் பாட்டு. இந்தத் தொகுப்பின் 'கோஸ்ட் ரைடர்' பாட்டு அந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் இங்கே துயரப்படுபவர் நிற்கவில்லை, சாலையில் போய்க்கொண்டே இருக்கிறார். '2112'இல் எதிர்காலக் கற்பனை உலகம் ஒன்றைப் படைத்த அதே கை, இங்கே தன் சொந்தச் சாலையை எழுதுகிறது. எதிரணியினர் புகழும் அந்தப் பழைய தொகுப்புகளை நானும் நேசிக்கிறேன். ஆனால் அவற்றை எழுதிய இளைஞரால் இதை எழுதியிருக்க முடியாது.

'எர்த்ஷைன்' பாட்டுக்கு வருகிறேன். மூன்றாம் பிறையை உற்றுப் பார்த்தால் ஒளிரும் கீற்றைத் தவிர, மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் தெரியும். சூரிய வெளிச்சம் பூமியில் பட்டு, அங்கிருந்து நிலவுக்குப் போய், மறுபடி நம் கண்ணுக்கு வருகிறது. அந்த இரவல் ஒளியைத்தான் பாட்டாக்கினார் பியர்ட். எல்லாம் இழந்து, 2000இல் மறுமணம் செய்துகொண்டு மீண்டவர், என் முகத்தில் தெரிவது இன்னொருவர் தந்த வெளிச்சம் என்கிறார். அதற்கு அலெக்ஸ் வாசிக்கும் கிட்டார் கனமாக, இருட்டாக இறங்குகிறது. அதன்மேல் குரல் மெல்ல எழுகிறது.

நீளம் பற்றிய குற்றச்சாட்டு பாக்கி இருக்கிறது. ஏறத்தாழ ஆறு ஆண்டு மௌனத்துக்குப் பின் வந்தவர்கள் 67 நிமிடம் பேசினார்கள். எனக்கு அது நீளமாகப் படவில்லை.

தளர்ந்த குழுவா இது? இந்தத் தொகுப்பை ஒட்டிய பயணத்தின் கடைசி இரவில், 2002 நவம்பரில், ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் சுமார் 40,000 பேர் முன்னால் வாசித்தார்கள். இந்தத் தொகுப்பிலிருந்து மட்டும் நான்கு பாட்டுகள். 'எர்த்ஷைன்' முடிந்ததும், சொற்களே இல்லாத ஒரு பழைய வாத்திய இசையைத் தொடங்கினார்கள். கூட்டம் அந்த மெட்டையே வாய்விட்டுப் பாடியது. இந்தத் தொகுப்பு உருவாகாமல் போயிருந்தால் அந்த இரவும் இல்லை, 2007இலும் 2012இலும் வந்த தொகுப்புகளும் இல்லை.

நீல் பியர்ட் 2020 ஜனவரியில் காலமானார். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் ஒரு வேண்டுகோள். 2002 தகட்டை ஒதுக்கி வையுங்கள். 2013 கலவையில் முதல் பாட்டை, கிட்டார் நுழைவதற்கு முன்பு டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில விநாடிகளை, இந்த அவைக்குப் போட்டுக் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.