முதலில் ‘போன் டியா’, பிறகு வந்த காரியம்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

வெனிசுவேலாவின் வடகரைக்கு அப்பால் கரீபியக் கடலில் இருக்கும் குராசாவ் தீவுக்குச் செல்வோர், அங்கே ஆங்கிலம் செல்லுபடியாகும் என்று அறிந்த மாத்திரத்தில் உள்ளூர் மொழியைப் பற்றிய நினைப்பையே விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலம் செல்லுபடியாகும் என்பது உண்மைதான். அத்தீவினர் பலருக்கு நான்கு மொழிகள் தெரியும். ஆயினும் வீட்டிலும் சந்தையிலும் அவர்கள் பேசுவது பாப்பியாமென்டு. அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் நாவில், போர்த்துகீசியமும் ஸ்பானியமும் டச்சும் அவர்களுடைய சொந்த மொழிகளும் கலந்து உருப்பெற்ற மொழி அது. 1863 ஜூலை 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது; அதன் பின்னும் நெடுங்காலம், பள்ளிக்கூடத்தில் டச்சு மொழிக்கே இடம், பாப்பியாமென்டு பேசிய பிள்ளைக்குத் தண்டனை என்ற நிலை இருந்தது. 2007-இல்தான் அது அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. பக்கத்துத் தீவான அரூபாவில் 2003-இலேயே அந்த நிலை கிடைத்துவிட்டது. இந்த வரலாற்றை அறிந்தவர், அம்மொழியில் ஒரு வணக்கம்கூடச் சொல்லக் கற்காமல் அங்கே போகமாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே ஒரு மருந்துக்கடையில் நடப்பதைச் சொல்கிறேன். உள்ளே வருபவர் எவரையும் தனியே நோக்காமல், அங்கிருப்போர் எல்லாருக்கும் பொதுவாகப் ‘போன் டியா’, அதாவது காலை வணக்கம், என்பார். வரிசையில் நிற்போரும் ‘போன் டியா’ என்பர். அதன் பிறகே மருந்துச் சீட்டை நீட்டுவார். வந்ததும் வராததுமாக விலை கேட்பதை அங்குள்ளோர் மரியாதைக்குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வாறு கேட்கும் பயணிக்கோ, பதில் ஏன் சுருக்கமாக வருகிறது என்பது விளங்குவதில்லை.

நம் ‘வணக்கம்’ எந்த வேளைக்கும் பொருந்தும். அங்கே வேளை பார்க்க வேண்டும். நண்பகல் கடந்தால் ‘போன் டார்டி’, இருட்டிய பின் ‘போன் நோச்சி’. இந்தப் ‘போன் நோச்சி’யை இரவில் சந்திக்கும்போதும் சொல்லலாம், பிரியும்போதும் சொல்லலாம். நலம் கேட்க ‘கோன் டா பாய்?’ என்பர், ‘எப்படிப் போகிறது?’ என்று நாம் கேட்பதேதான். ‘மி டா போன்’ என்றால் நலம் என்று பொருள். அதற்கு மேல் உங்களுக்குப் பேச்சு வராது என்று கண்டால் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார்கள். ஆகவே உச்சரிப்பு பிசகுமோ என்று தயங்க வேண்டாம்.

விடைபெறும் சொல் ‘அயோ’. நம் செவிக்கு அது ஐயோ என்று கேட்கும். ஈற்றெழுத்தை அழுத்திச் சொன்னால் சரியாக வரும். மருந்தை வாங்கிக்கொண்டு, ‘மாஷா டான்கி’ என்று மிக்க நன்றி கூறி, வாசலில் ஒரு ‘அயோ’வும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.