ஸ்டோரில் தேங்கிய மூட்டையும் ஏ9இல் ஓடும் லொறியும்

வணக்கம். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருக்கிறது, பின்னுக்கு இருக்கிற அம்மாமார் கொஞ்சம் முன்னுக்கு வாருங்கள். நான் டொக்டர் இல்லை, மாங்குளம் பக்கம் 28 வருடம் உயிரியல் படிப்பித்தவன். மருந்து சொல்ல மாட்டேன், ஈரலுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் கதைப்பேன்.

இன்றைக்கு என்னை இதைக் கதைக்க வைத்தது ஒரு பழைய மாணவி. வயிற்று நோவுக்கு ஸ்கான் எடுத்த இடத்தில் ஈரலில் கொழுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "நீ ஒளிச்சு ஏதும் குடிக்கிறியோ?" கள்ளு வாசமே ஒத்துக்கொள்ளாத பிள்ளை அது. சிரிக்கிறீர்கள், ஆனால் உங்களில் பாதிப் பேர் மனதுக்குள் அதே கேள்விதான் இருக்கும். கொழும்புக்குப் பக்கத்தில் ராகமையில் ஊர்ச் சனத்தைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், குடியோடு சம்பந்தமில்லாத ஈரல் கொழுப்பு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது.

சரி, ஈரலை ஒரு நெல் ஸ்டோர் என்று வையுங்கள். மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, பாண், கோதுமை மா ரொட்டி (யுத்த முடிவில் இருந்த செட்டிக்குளம் முகாமில் மாவும் சீனியும் பழகின நாக்கு இன்னும் அதை விடவில்லை, என்னுடைய நாக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்), இவற்றில் மிஞ்சுவதையெல்லாம் ஈரல் கொழுப்பாக்கும். தொப்பையில் இருக்கிற கொழுப்பும் கரைந்து அங்கேதான் வந்து சேரும். ஸ்டோரில் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது. அதனால் அப்போபி என்கிற புரதத்தைச் சாக்காக வைத்துக் கொழுப்பைக் கட்டி, நம்முடைய ஏ9 பெருந்தெருவில் லொறியில் அனுப்புகிற மாதிரி, இரத்தத்தில் ஏற்றி அனுப்பும். போகிற வழியில் கொழுப்பை இறக்கி இறக்கி அந்த மூட்டை சுருங்கிப்போனால் அதுதான் எல்டிஎல், நீங்கள் கெட்ட கொலஸ்ரோல் என்று சொல்வது. இதயத்துக்குப் போகிற குழாயின் சுவரில் படிந்து அடைப்பது அதுதான்.

இனிப் பரம்பரைக்கு வருவோம். 2008இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனதன் கோஹன் குழுவினர் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு எழுத்துப் பிழையைப் பிடித்தார்கள். அந்தப் புரதத்தின் 148ஆவது இடத்தில் ஐசோலியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், சிலருக்கு அதற்குப் பதிலாக மெதியோனின் என்ற வேறொன்று இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்தப் பிழையுள்ள புரதம் என்ன செய்யும் என்றால், மூட்டை அவிழ்க்க வருகிறவனை விடாமல் மூட்டைக்கு மேலேயே ஏறிப் படுத்துக்கொள்ளும், கொழுப்பு கரையாமல் தேங்கும். தாயிடம் ஒன்று தகப்பனிடம் ஒன்று என்று இரண்டு பிரதியும் பிழையாக வந்தவர்களுக்கு ஈரல் கொழுப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். ராகமைச் சனத்திலும் இந்தப் பிழைக்கும் ஈரல் கொழுப்புக்கும் தொடர்பு தெரிந்தது, ஆகவே இதை வெள்ளைக்காரரின் வருத்தம் என்று தள்ளிவிட முடியாது.

2014இல் வந்தது இதைவிட விசித்திரம். டிஎம்6எஸ்எஃப்2 என்று இன்னொரு மரபணு, இது ஸ்டோரில் மூட்டை ஏற்றுகிற நாட்டாமை மாதிரி. அதில் பிழை இருந்தால் ஏற்றுமதி குறையும், ஸ்டோர் நிரம்பி வழியும், ஸ்கானில் ஈரல் வெள்ளையாகத் தெரியும். ஆனால் ஏ9இல் லொறி குறைந்துவிடுகிறது பாருங்கள்! அவர்களுக்கு இரத்தத்தில் கொலஸ்ரோல் குறைவு, மாரடைப்பும் குறைவு. டல்லஸில் ஈரல் கொழுப்பைத் தேடினவர்களும் நோர்வேயில் கொலஸ்ரோலைத் தேடினவர்களும் ஒரே வருடத்தில் இந்த ஒரே மரபணுவில் வந்து முட்டினார்கள். மருந்திலும் இதே கணக்குத்தான்: லொமிட்டாபைட் என்ற மாத்திரை மூட்டை கட்டுவதையே தடுக்கும், எல்டிஎல் இறங்கும், ஈரலில் கொழுப்பு ஏறும்.

உடனே ஈரல் கொழுப்பு நெஞ்சுக்கு நல்லது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். தேங்கின மூட்டை ஸ்டோரையே பழுதாக்கும், இந்த இரண்டு பிழையில் எது இருந்தாலும் அவர்களுக்கு ஈரல் சுருங்கிப்போவதும் ஈரல் புற்றுநோயும் கூடுதலாக வரும், அதற்கு மேல் சாராயமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம் நம்மில் பலருக்கு இருப்பது வேறு வகை. வயிறு பெருத்து, சுகரும் கூடி வருகிற கொழுப்பு. அதில் ஸ்டோரும் நிரம்பும், லொறியும் இரவு பகலாக ஓடும். ஈரலில் கொழுப்பு உள்ளவர்களைக் கூடுதலாகக் கொண்டுபோவது ஈரல் வருத்தம் இல்லை, இதய வருத்தந்தான். ஸ்கான் படத்தில் இரண்டு வகையும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஸ்டோரைப் பார்த்து வீதியைச் சொல்ல முடியாது. அதனால்தான் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள் என்கிறேன். எல்டிஎல், ட்ரைகிளிசரைட் என்கிற இரத்தக் கொழுப்பு, சுகர், மூன்றும். இடுப்புச் சுற்றளவை வீட்டில் நூல் பிடித்தே பார்க்கலாம், ஆண்களுக்கு 90 சென்டிமீற்றர், பெண்களுக்கு 80, அதுக்கு மேலே போனால் கவனம்.

கிளினிக்கில் கேட்பார்கள், "அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் இருந்ததா?" வேறு ஊரில் இது லேசான கேள்வி. இங்கே? என் மாணவியின் தகப்பன் முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டுச் செத்தவர், வயது 39. 50 வயதில் அவருக்கு மாரடைப்பு வந்திருக்குமா என்று யார் சொல்வது? பரம்பரை என்பது முதியவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயம், முதுமைக்கு நம் ஆட்களை விடவில்லையே. பதிலே இல்லாத இடத்தில் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் கோபம். தெரியாது என்று எழுதுங்கள், எழுதிவிட்டு இரத்தத்தை எடுங்கள்.

அவள் கெட்டிக்காரி. கனடாவில் இருக்கிற தகப்பனின் தமக்கைக்கு வாட்ஸப் எடுத்து, அப்பப்பா எப்படிச் செத்தவர் என்று கேட்டிருக்கிறாள். 46 வயதில், அரிவி வெட்டு நேரம், வயலிலேயே விழுந்தவராம். "பாம்பு கடிச்சதெண்டுதான் எல்லாரும் சொன்னவை. ஆனா நாங்கள் தேடின இடத்திலை கடிவாயே இருக்கேல்லை, பிள்ளை."

போன திங்கள் அவளுக்கும் தம்பிக்கும் இரத்தம் எடுத்தாச்சு. றிப்போட் வெள்ளிக்கிழமை வரும்.