சாரோன் ஏன் எழுதி வைத்தான்?

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணித் தோழர்களுக்கும், இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

கற்பனை உலகத்து மொழிக்கு உயிர் தருவது பேச்சா, எழுத்தா? எழுத்துதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். வேறு எங்கிருந்தோ ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். ஆனால் எதிரணி அண்ணன் முடிக்கும்போது ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஆங்கில எழுத்தாளர் டோல்கின் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மோதிரக் கதையில், அந்த மோதிரத்தில் இருந்த வாசகத்தைக் காண்டால்ஃப் என்ற மந்திரவாதி வாய்விட்டுச் சொன்னதும் எல்ஃப் என்ற இனத்தார் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்களாம். "எழுத்தைப் பார்த்து எவனாவது கண்ணைப் பொத்தினானா?" என்று கேட்டார். அரங்கமே அதிர்ந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேலே போக முடியாது.

அண்ணே, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் கதையைப் பாதியில் இருந்து சொல்லிவிட்டீர்கள். முதலில் இருந்து நான் சொல்கிறேன்.

இசில்துர் என்று ஓர் அரசன். அந்த மோதிரத்தைச் செய்த கொடியவன் சாரோன். போரில் அவன் விரலை வெட்டி இசில்துர் மோதிரத்தை எடுக்கிறான். எடுத்த கை வெந்துபோகிறது, அவ்வளவு சூடு. மோதிரத்தைச் சுற்றி நெருப்பில் எழுதியது போல எழுத்துகள். மோதிரம் ஆற ஆற அந்த எழுத்தும் மங்கிக்கொண்டே வருகிறது. அவன் என்ன செய்தான்? ஒரு சுருளை எடுத்து, மறைவதற்குள் அந்த எழுத்தை அப்படியே பார்த்து வரைந்து வைத்தான். இதில் முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது: அந்த மொழி அவனுக்குத் தெரியாது! என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. வாசகம் அழிந்துபோய்விடக் கூடாதே என்று மட்டும் நினைத்தான். தெரியாத மொழியை ஒருவன் காதால் கேட்டிருந்தால் மறுநாள் காலையில் அதில் பாதியாவது அவனிடம் இருந்திருக்குமா?

அப்புறம் இசில்துர் செத்துப்போனான். மோதிரம் ஆற்றோடு போயிற்று. அவனுக்குப் பின் ராஜாக்கள் வந்தார்கள், கடைசியில் அந்த நாட்டுச் சிம்மாசனமே காலியாகிப் போயிற்று. சுருள் மட்டும் மினாஸ் திரித் நகரத்து ஏட்டுக் குவியலில் கிடந்தது. எத்தனை வருஷம்? 3000 வருஷம்! அதன் பிறகு காண்டால்ஃப் போய், தூசியைத் தட்டி, தேடித் தேடி அதை எடுத்துப் படிக்கிறார். சூட்டில் தெரிந்த எழுத்து ஆறினால் மறைகிறது என்று அதில் இருக்கிறது. பிறகு கதைநாயகன் ஃப்ரோடோ வீட்டுக்குப் போகிறார். அவன் கையில் இருக்கும் மோதிரத்தை வாங்கிக் கணப்பு நெருப்பில் போடுகிறார். எழுத்து தெரிகிறது. இதுதான் அந்த மோதிரம் என்று உறுதியாகிறது.

மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இது சொல்லச் சொல்ல ஆறவில்லை. மொழி தெரியாத ஒருவன் வரைந்ததை வைத்து, 3000 வருஷம் கழித்து, அவன் முகத்தையே பார்த்திராத ஒருவர் ஓர் உலகத்தைக் காப்பாற்றுகிறார். நடுவில் ஒரு குரல் உண்டா? ஒரு பேச்சு உண்டா? அந்தச் சுருள் மட்டும்தான்.

இதெல்லாம் நடந்த பிறகுதான், அண்ணே, நீங்கள் சொன்ன அந்தக் காட்சி, எல்ஃப் தலைவர் எல்ராண்ட் கூட்டிய சபை, வருகிறது. காண்டால்ஃப் சொல்கிறார், வானம் இருள்கிறது, எல்ஃப்கள் காதைப் பொத்துகிறார்கள். எல்லாம் சரி. அவர் எதைச் சொன்னார்? எழுதியிருந்ததைச் சொன்னார்!

இன்னொன்று. அதே ஏட்டில் இசில்துர் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறான். அந்த எழுத்து எல்ஃப்களுடையது, சாரோனின் நாடான மோர்டோரில் இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு எழுத்தே கிடையாது என்று. சாரோனிடம் என்ன குறை? நாடு இருந்தது, படை இருந்தது, தானே உருவாக்கிய ஒரு பேச்சு மொழியும் இருந்தது. பேச்சே போதும் என்றால் அவன் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே? அது போதவில்லை. தன் எதிரியின் எழுத்தைக் கடன் வாங்கி அதில் பொறித்து வைத்தான். இருட்டுக்கே அதிபதியானவன், ஊரையே அடிமையாக்க வந்தவன், அவனே எழுத்திடம் கை நீட்டியிருக்கிறான்.

சரி, கண்ணைப் பொத்தினவன் யார் என்று கேட்டீர்கள் அல்லவா? டோல்கினுக்கு ஒரு வாசகர் அன்போடு எஃகுக் கோப்பை ஒன்றை அனுப்பினார். அதில் அந்த மோதிர வாசகம் பொறித்திருந்தது. டோல்கின் அதில் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. புகையிலைச் சாம்பல் தட்டத்தான் வைத்துக்கொண்டேன் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். கோப்பை பேசவில்லை, அண்ணே. காண்டால்ஃப் அந்த அறையில் இல்லை. கண் முன்னால் எழுத்து மட்டும்தான் இருந்தது. அந்த மொழியைப் படைத்தவரே அதற்கு வாயைப் பொத்திக்கொண்டார்!

எழுத்து என்றால் ஏதோ கோடு, வளைவு என்று நினைக்க வேண்டாம். டெங்வார் என்ற அந்த எல்ஃப் எழுத்தைப் பாருங்கள். ஒரு தண்டு, ஒரு வளைவு. வளைவை இரண்டாக்கினால் அதே ஒலி தொண்டை அதிர்ந்து பிறக்கும். தண்டை மேலே நீட்டினால் காற்று உரசி வரும். நாம் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பது போல, பெரும்பாலும் அவர்கள் உயிரொலியை மேலே குறியாக வைக்கிறார்கள். வாய் செய்கிற வேலையை வடிவத்திலேயே காட்டுகிற எழுத்து. நம் பக்கத்திலும் பாருங்கள். 2015ல் பாகுபலியில் காலகேயர்கள் பேசிய கிளிக்கியைக் கேட்டுத் தியேட்டரே ஆடியது. அதை உருவாக்கிய மதன் கார்க்கி பேச்சோடு நின்றாரா? அப்புறம் அதற்கு எழுத்தும் வகுத்தார்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. இன்னும் ஒன்றே ஒன்று.

மோரியா என்ற மலைக் குகைக்குள், பாலின் தலைமையில் குடியேறிய குள்ளர் கூட்டம் மொத்தமாக அழிந்துபோகிறது. பல வருஷம் கழித்து அங்கே போகிறவர்களுக்கு ஒரு கிழிந்த, எரிந்த, ரத்தக் கறை படிந்த புத்தகம் கிடைக்கிறது. கடைசி வரி, "அவர்கள் வருகிறார்கள்." அந்த எழுத்து இழுபட்டுக்கொண்டே போய் நின்றுவிடுகிறது. காண்டால்ஃப் படித்துக்கொண்டே வருகிறார். அவர்களுடைய இனத்தான் கிம்லி பக்கத்தில் நிற்கிறான். எழுத்தைப் பற்றிச் சொன்னதுமே அவன் சொல்கிறான்: இது ஓரியின் கையெழுத்தாக இருக்கும், அவன் வேகமாக, அழகாக எழுதுவான், எல்ஃப் எழுத்தில்தான் அடிக்கடி எழுதுவான் என்று.

ஓரி செத்துப்போனான். அவன் குரல் அந்தக் குகையில் எங்கே இருக்கிறது? ஆனால் அவன் கை இருக்கிறது! காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா எழுதிய பால் கணக்கை, அவர் போன பிறகும் கிழிக்க மனம் வராமல் வைத்திருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? நான் வைத்திருக்கிறேன். அரை லிட்டர், அரை லிட்டர், ஒரு நாள் மட்டும் ஒரு லிட்டர். அன்றைக்கு வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று இனி யாரைக் கேட்பேன்? அம்மாவின் குரலை நினைத்துப் பார்க்கிறேன், முழுசாக வருவதில்லை. அந்த 'ல'வின் சுழி அப்படியே இருக்கிறது.

டோல்கினுக்கு இது தெரிந்திருக்கிறது. அந்த மோரியாப் புத்தகத்தின் பக்கங்களை அவர் தன் கையாலேயே எழுதிச் செய்தார். ஓரத்தைத் தன் பைப்பால் பொசுக்கினார், தைத்த துளைகளைப் போட்டார், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தடவினார். 1954ல் நூல் வந்தபோது, செலவு அதிகம் என்று அந்தப் பக்கங்களைச் சேர்க்கவில்லை. ஓரி எழுதியதை நாம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அந்த மனிதர் உட்கார்ந்து தாளைக் கருக்கியிருக்கிறார், ஐயா. இதற்கு மேல் என்னால் வாதாட முடியாது. தீர்ப்பை எழுத்தின் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.