பம்பாய்க்குச் சோறு போட்ட பெண்கள்

வணக்கம் மக்களே. மும்பையில் கிர்காவ் பக்கம் நிற்கிறேன். கேட்வே, தாஜ் ஹோட்டல், மரைன் டிரைவ் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே நிறைய வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு இந்த ஊரின் பெண்களைப் பற்றிப் பேசலாம், அதுவும் அடுப்படியில் ஆரம்பித்து.

ஏழு தீவுகளாகக் கிடந்த காலத்தில் இங்கே இருந்தவர்கள் கோளி மீனவர்கள். அவர்கள் கும்பிட்ட மும்பாதேவியின் பெயர்தான் ஊருக்கு. 1661-இல் போர்ச்சுகீசியர்கள் தங்கள் இளவரசி கேத்தரினின் கல்யாணச் சீதனமாக பம்பாயை இங்கிலாந்து ராஜாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர் 1668-இல் வருஷத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். இத்தனை கைமாறியும் ஆண்கள் பிடித்து வரும் மீனை விற்றுக் காசாக்கியது கோளிப் பெண்கள்தான். விடியற்காலையில் சசூன் டாக் மீன் துறைமுகத்துக்குப் போனால் இன்றும் அவர்கள் குரல்தான் ஓங்கிக் கேட்கும்.

சரி, பஞ்சாலைக்கு வருவோம். 1850களில் மில்கள் வர ஆரம்பித்ததும் கொங்கண் பக்கமிருந்து ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். பரேல், லால்பாக் பகுதிகளின் சால்களில், அதாவது வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட குடியிருப்புகளில், ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர், ஷிஃப்ட் மாற்றி மாற்றித் தூங்குவார்கள். சாப்பாடு? பக்கத்து அறையில் ஒரு பெண் பாக்ரி என்ற சோள ரொட்டி தட்டி, பருப்போ மீன் குழம்போ வைத்து மாதக் கணக்கில் போடுவார். இதுதான் கானாவள். சம்பள நாளில்தான் பணம். ஸ்டிரைக் என்றால் அதுவும் கிடையாது, ஆனால் அடுப்பை அணைக்க முடியுமா? கடனை வாங்கியாவது போட்டார்கள். அந்த வட்டிக் கடனிலிருந்து அவர்களை மீட்கத்தான் பிரேமா புரவ் 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கி, வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தார்.

மில்லுக்குள்ளும் பெண்கள் இருந்தார்கள், பெரும்பாலும் நூல் சுற்றும் வேலையில். 1920களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். அப்புறம் ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வெளியே தள்ளப்பட்டதும் அவர்கள்தான். மில் வரலாறு என்று பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

இந்தக் கிர்காவுக்கு நான் வந்ததே லிஜ்ஜத் அப்பளத்துக்காகத்தான். 1959 மார்ச் 15, ஒரு மொட்டை மாடி, ஏழு குஜராத்திப் பெண்கள், கடன் வாங்கிய 80 ரூபாய். அன்றைக்கு நாலு பாக்கெட் அப்பளம் போட்டார்கள். இன்றைக்கு 45,000 பெண்கள் அதில் இருக்கிறார்கள். காலையில் கிளைக்குப் போய்ப் பிசைந்த மாவை வாங்கி, வீட்டில் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, கட்டையால் தேய்த்துக் காயவைத்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த மாவை வாங்கி வருவார்கள். உறுப்பினர் எல்லோரும் பங்குதாரர்கள், ஒருவரை ஒருவர் "பென்" என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது சகோதரி. தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல்தான் பத்மஸ்ரீ வந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

அதே கட்டையைத் தூக்கிக்கொண்டுதான் 1970களில் இந்த ஊர்ப் பெண்கள் தெருவுக்கும் வந்தார்கள். விலைவாசி ஏறிக் கிடந்த நேரம். சோஷலிஸ்ட் மிருணாள் கோரேயும் மார்க்சிஸ்ட் அஹில்யா ராங்ணேகரும் கட்சியைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்று சேர்ந்தார்கள். அதுவரை ஊர்வலமே போகாத வீட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சப்பாத்திக் கட்டையோடு வந்து தட்டுகளை அடித்துச் சத்தம் எழுப்பினார்கள். மிருணாள் கோரே மும்பைப் புறநகரான கோரேகாவ் மக்களுக்குக் குடிநீர் கேட்டுப் போராடியே பெயர் வாங்கியவர், "பானிவாலி பாய்" என்பார்கள். எமர்ஜென்சியில் சிறைக்கும் போனார். 1977 தேர்தலில் அவர் ஜெயித்தார், இந்திரா காந்தி தோற்றார். "தண்ணீர்க்கார அம்மா டெல்லியில், டெல்லிக்கார அம்மா தண்ணீரில்" என்று ஊரே கோஷம் போட்டது. ராங்ணேகரும் அதே தேர்தலில் எம்.பி. ஆனார்.

1982 ஜனவரியில் இரண்டரை லட்சம் பேர் இறங்கிய மில் ஸ்டிரைக்கைப் பற்றி இன்னும் விரிவாகப் பேச வேண்டும். அதற்கு லால்பாக் சால்களுக்குள் போக வேண்டும், அடுத்த வீடியோவில் போகலாம். உங்கள் வீட்டில் பாட்டியோ அத்தையோ மும்பையில் கானாவள் நடத்தியிருந்தால், தாராவியில் இட்லி அவித்து விற்றிருந்தால், கீழே எழுதுங்கள். என்ன சமைத்தார்கள், எத்தனை பேருக்குப் போட்டார்கள் என்பதையும் சேர்த்து.