மணிக்கட்டைத் திறந்தால் உள்ளே பாருங்கள்

பெரியோர்களே, மருத்துவ மாணவர்களே, வணக்கம்.

நள்ளிரவில் கை மரத்துப்போய் விழித்து, கையை உதறிவிட்டு மறுபடி படுப்பவர்கள் இந்த அரங்கிலும் சிலர் இருப்பீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பியிருந்தால், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அங்கே எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில், ஒன்பது தசைநாண்களோடு இந்த நரம்பும் உள்ளங்கைக்குப் போகிறது. இடம் குறைந்தால் முதலில் தவிப்பது நரம்புதான். இதைத்தான் கார்பல் டன்னல் நோய் என்கிறோம். அறுவை சிகிச்சையில் அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் தருகிறோம்.

பெரும்பாலோருக்குத் தனிக் காரணம் எதுவும் அகப்படுவதில்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவற்றை எல்லா மருத்துவர்களும் விசாரிக்கிறார்கள். என் கவலையெல்லாம் விசாரிக்கப்படாத காரணங்களைப் பற்றித்தான்.

முதலில் காசநோய். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. நாண்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் காசநோய் பிடித்தால், மணிக்கட்டு மாதக்கணக்கில் மெதுவாக வீங்கும். வலி அதிகம் இருக்காது. அறுவையில் நார்ப்பட்டையைப் பிளந்ததும் வெண்மையான, பளபளக்கும் சிறு மணிகள் திரவத்தோடு வழியும். 'அரிசி மணிகள்' என்றே அவற்றை மருத்துவர்கள் அழைக்கிறார்கள். மூட்டுவாதத்திலும் அவை வரும் என்பதால், பார்த்தவுடன் முடிவுகட்ட முடியாது. உறையை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மாணவர்களே, எடுத்தது முழுவதையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடாதீர்கள்! கிருமி செத்துவிட்டால் வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு பகுதியை உப்புநீரில் தனியாக அனுப்புங்கள். காசநோய் உறுதியானால் மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டாக வேண்டும். கத்தி மட்டும் அந்த நோயைத் தீர்க்காது.

அடுத்தது அமிலாய்டு, அதாவது உருக்குலைந்து திசுக்களில் படியும் புரதம். பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒருவகைப் புரதம் மணிக்கட்டில் படியும். இன்னொரு வகைப் புரதம், குறிப்பாக வயதான ஆண்களுக்கு, இரண்டு மணிக்கட்டுகளிலும் படிந்து, சில ஆண்டுகள் கழித்து இதயத் தசையிலும் படிகிறது. கை மரத்துப்போவது இங்கே இதயத்தின் முன்னெச்சரிக்கை! எடுத்த உறைக்குக் காங்கோ சிவப்புச் சாயமேற்றி, முனைவாக்கிய ஒளியில் பார்த்தால், படிவு ஆப்பிள் பச்சையாக ஒளிரும். இதயம் தளர்வதற்கு முன்பே மருந்து தொடங்க அந்தச் சிறு துணுக்கு உதவக்கூடும்.

கருவில் மறைந்திருக்க வேண்டிய ஒரு தமனி சிலருக்கு நரம்பின் பக்கத்திலேயே தங்கிவிடும். அதில் ரத்தம் உறைந்தால் திடீரென்று கடும் வலி வரும். யூரிக் அமிலப் படிவு, கொழுப்புக்கட்டி, இடம் மாறி வளர்ந்த தசை ஆகியவையும் உண்டு. குழந்தைக்கு இந்தத் தொல்லை வந்தால், பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இந்த அறுவை சிகிச்சையின் யோசனையே உள்ளே பார்த்ததில் பிறந்ததுதான். 1913-இல் பிரான்சில் பியர் மாரி, சார்ல் ஃபுவா என்ற இரு மருத்துவர்கள் இறந்த முதியவர் ஒருவரின் மணிக்கட்டைத் திறந்தார்கள். நார்ப்பட்டைக்கு மேலே நரம்பு முடிச்சுபோல் வீங்கியிருந்தது. பட்டையை முன்பே வெட்டியிருந்தால் கை பிழைத்திருக்கலாம் என்ற யோசனையை எழுதினார்கள்.

இன்று மரப்பு ஊசி போட்டு, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம். உள்ளங்கையில் சிறு கீறல். கீழே வெள்ளை நார்ப்பட்டை. கட்டைவிரல் தசைக்குப் போகும் நரம்புக்கிளை சிலருக்கு அந்தப் பட்டையைத் துளைத்துக்கொண்டே போகும் என்பதால், ஒவ்வொரு மில்லிமீட்டரையும் பார்த்து வெட்ட வேண்டும். கடைசி இழை வரை வெட்டவும் வேண்டும். மிச்சம் வைத்தால் தொல்லை மிஞ்சும்.

1980-களின் இறுதியில் வந்த, சிறு துளை வழியே கேமரா செலுத்திச் செய்யும் எண்டோஸ்கோபி முறையில் தழும்பு சிறியது, வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். சாதாரண நோயாளிக்கு அது நல்ல முறை. ஆனால் ஒரு கையில் மட்டும் தொல்லை, மணிக்கட்டில் வீக்கம், பழைய காசநோய், டயாலிசிஸ் என்று ஏதேனும் இருந்தால், திறந்த முறையையே நான் வலியுறுத்துவேன். சிறு துளை வழியே நார்ப்பட்டையை வெட்டலாம். நாண்களை விலக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அரிது. அப்படிப்பட்டவர்கள் அறுவைக்கு முன்பே அல்ட்ராசவுண்ட் எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடிந்த பிறகு, உள்ளே என்ன இருந்தது, எதையாவது பரிசோதனைக்கு அனுப்பினீர்களா என்றும் தயங்காமல் கேளுங்கள்.